ஜனவரியில் கொடைக்கானல் பனியை எப்படிச் சமாளிப்பது?

மதுரையிலிருந்து குழந்தைகளோடு போகிறோம், பனி கொட்டுமாமே என்று கேட்டிருக்கிறீர்கள். அங்கே வானத்திலிருந்து பனி கொட்டாது. மேகமில்லாத, காற்று அசையாத இரவில் தரை தன் சூட்டையெல்லாம் இழந்து சில்லிட்டுப் போக, காற்றிலுள்ள ஈரம் அதன்மேல் உறைந்து படிகிறது, அதுதான் உறைபனி. குளிர்காற்று கனமானது, பள்ளத்தில் தேங்கும். அதனால் ஏரியை ஒட்டிய கீழ்பூமி பக்கம் விடிகாலையில் புல்லெல்லாம் உப்பு தூவியதுபோல் கிடக்கும், தடவினால் நறநறக்கும், வெயில் ஏறியதும் காணாமல் போய்விடும்.

மதுரை சுமார் 100 மீட்டர் உயரம், கொடைக்கானல் 2,100 மீட்டருக்கு மேல். ஆயிரம் மீட்டருக்கு ஆறேழு டிகிரி குறையும் என்று வைத்தாலே கணக்கு புரியும். தடிமனான ஒரே ஸ்வெட்டரைவிட மெல்லிசாக இரண்டு மூன்று உடுப்பு மேலுக்கு மேல் போடுங்கள், இடையில் நிற்கும் காற்றுதான் சூட்டைக் காக்கும். குழந்தைகளுக்குக் காதுக்குல்லா, சாக்ஸ் கட்டாயம். நனைந்த சாக்ஸை உடனே மாற்றிவிடுங்கள்.

அப்புறம், தயவுசெய்து இதை மட்டும் மறக்காதீர்கள்: குளிருதே என்று கரி அடுப்பை அறைக்குள்ளோ கூடாரத்துக்குள்ளோ வைத்துக்கொண்டு தூங்காதீர்கள். அதிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு வாசனையே கிடையாது, தூக்கத்திலேயே உயிர் போய்விடும். கூடுதலாக இன்னொரு கம்பளி கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

காலையில் கார் கண்ணாடியில் பனி படிந்திருந்தால் வெந்நீர் ஊற்றாதீர்கள், விரிசல் விடும். எஞ்சினை ஓடவிட்டு ஹீட்டர் காற்றைக் கண்ணாடிப் பக்கம் திருப்பினால் போதும்.