வாசகர் கேள்வி-பதில்: மனச்சோர்வை வென்றவர்களின் புத்தகம், எப்போது, எப்படி?

மனச்சோர்வோடு வாழ்ந்து, அதைப் பற்றித் தாங்களே எழுதியவர்களின் நூல்களைக் குறித்து வந்த கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

கேள்வி: என் தங்கைக்கு 24 வயது. மனச்சோர்வுக்கு மாத்திரை தொடங்கி மூன்று வாரம் ஆகிறது. இதிலிருந்து மீண்டவர்கள் எழுதிய புத்தகம் ஒன்று வாங்கித் தர ஆசை. எதை வாங்கலாம்? (வாசகி, திருச்சி)

வாங்குங்கள். ஆனால் அவரிடம் கொடுப்பதற்கு முன் நீங்கள் ஒரு முறை முழுதாகப் படித்துவிடுங்கள். மாத்திரை வேலை செய்யத் தொடங்கப் பொதுவாக 2 முதல் 4 வாரம் ஆகும். முழுப் பலன் தெரிய 6 முதல் 8 வாரம்கூடப் பிடிக்கலாம். குமட்டல், தலைவலி போன்ற தொல்லைகளோ முதல் வாரத்திலேயே வந்துவிடும். தொல்லை முன்னே, பலன் பின்னே என்றிருக்கும் இந்த இடைவெளியில்தான் பலர் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். உங்கள் தங்கை இப்போது அங்கேதான் நிற்கிறார். இன்னொன்றும் கவனியுங்கள். 25 வயதுக்குட்பட்ட சிலருக்கு இந்தத் தொடக்க வாரங்களில் பதற்றமோ தற்கொலை எண்ணமோ கூடுவதுண்டு. அப்படி ஏதாவது தெரிந்தால் அடுத்த தேதிக்குக் காத்திருக்காமல் அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

இனி புத்தகத்துக்கு வருவோம். ஆங்கில எழுத்தாளர் மேட் ஹேக் 2015இல் வெளியிட்ட 'ரீசன்ஸ் டு ஸ்டே அலைவ்' நூலில் அத்தியாயங்கள் மிகச் சிறியவை. சில ஒரே பக்கத்தில் முடிந்துவிடும். அவருக்கு நோய் வந்ததும் 24 வயதில்தான். படிப்பதற்கு இதைவிட எளிது கிடைப்பது கடினம். ஆனால் அவர் பெரும்பாலும் மருந்தில்லாமல் மீண்டவர், அதை அந்த நூலிலேயே சொல்கிறார். மருந்துக்கு எதிரானவர் அல்ல என்றும் சொல்கிறார். மூன்றாவது வாரத்தில் மாத்திரைமேல் நம்பிக்கை இழந்து நிற்கும் ஒருவர் கண்ணில் 'மருந்தில்லாமல் மீண்டார்' என்பது மட்டும்தான் படும். அதனால் இந்தப் புத்தகத்தை இரண்டு மாதம் கழித்துக் கொடுங்கள், அல்லது கொடுக்கும்போதே அந்தப் பகுதியைப் பற்றிப் பேசிவிடுங்கள்.

ஆண்ட்ரூ சாலமனின் 'தி நூன்டே டீமன்' (2001) அந்த ஆண்டின் அமெரிக்க தேசிய நூல் விருது பெற்றது. தன் கதையோடு மருந்து, வரலாறு, வறுமை, பல நாட்டு வழக்கங்கள் என்று எல்லாவற்றையும் பேசும் பெரிய நூல். அது உங்களுக்கு. நோயாளி எழுந்து பல் தேய்க்கவே ஏன் திணறுகிறார் என்பது புரியும். உங்கள் தங்கையிடம் அதன் தடிமனே 'என்னால் முடியாது' என்ற எண்ணத்தைக் கொண்டுவந்துவிடும்.

எதைக் கொடுத்தாலும் "இதைப் படி, சரியாயிடும்" என்று சொல்லாதீர்கள். படிக்க முடியாமல் போனால் அதுவும் ஒரு தோல்வியாக அவர் கணக்கில் சேரும். "மேஜையில் வைத்திருக்கிறேன், தோன்றினால் புரட்டு" என்பது போதும். "படிச்சியா?" என்று தினமும் கேட்காதிருப்பது அதைவிட முக்கியம்.

கேள்வி: ஒரு பக்கத்தை நான்கு முறை படித்தாலும் மனதில் நிற்கவில்லை. முன்பெல்லாம் ஒரே நாளில் நாவலை முடிப்பேன். மூளை கெட்டுவிட்டதா? (வாசகர், ஈரோடு)

இல்லை. கவனம் குவியாமை மனச்சோர்வின் அறிகுறிகளில் ஒன்று. நோய் தணியும்போது இதுவும் தணியும். எல்லா அறிகுறிகளிலும் கடைசியாகத் திரும்புவது இதுவாக இருக்கலாம், அதனால் தூக்கமும் பசியும் சரியான பிறகும் வாசிப்பு திணறினால் பயப்படாதீர்கள்.

கே ரெட்ஃபீல்ட் ஜேமிசன் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் மனநோய் பற்றிக் கற்பித்தவர், தானே இருதுருவ நோயோடு (சில காலம் மிகை உற்சாகம், சில காலம் மனச்சோர்வு என்று மனம் மாறும் நோய்) வாழ்பவர். அதற்கான மருந்தான லித்தியத்தை அதிக அளவில் எடுத்த காலத்தில் கனமான நூல்களைப் படிக்கவே முடியாமல் போனதைத் தன் நூலில் எழுதியிருக்கிறார். அப்போது அவர் சிறுவர் நூல்களையும் கவிதைகளையும் பிடித்துக்கொண்டார். பின்னர் மருந்தின் அளவு குறைக்கப்பட்டபோது வாசிப்பு திரும்பியது. ஆகவே புதிதாக மாத்திரை தொடங்கிய பிறகோ அளவைக் கூட்டிய பிறகோ இந்தத் திணறல் வந்ததென்றால் அதைத் தேதியோடு மருத்துவரிடம் சொல்லுங்கள். நீங்களாகக் குறைக்காதீர்கள்.

இப்போதைக்கு இப்படிச் செய்து பாருங்கள். கைபேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டு 10 நிமிடத்துக்கு அலாரம் வையுங்கள். மணி அடித்ததும், நன்றாகப் போனாலும் நிறுத்துங்கள். முடிகிற அளவில் நிறுத்தினால்தான் நாளை மறுபடி உட்காரத் தோன்றும். படிக்கும் வரிக்குக் கீழே ஓர் அட்டையை வைத்து நகர்த்தினால் கண் தாவாது. பலருக்குக் காலையில் மனம் மிகவும் கனத்திருக்கும், மாலையில் சற்று லேசாகும். உங்களுக்கும் அப்படியென்றால் மாலை 5 மணிக்குப் பிறகு வைத்துக்கொள்ளுங்கள். அதுவும் முடியாவிட்டால் ஒலிநூலைக் கேட்டுக்கொண்டே மெதுவாக நடங்கள். பாதி காதில் விழாமல் போனாலும் பரவாயில்லை.

கேள்வி: தைரியம் வரும் என்று இத்தகைய நூல்களைப் படிக்கிறேன். சில நாள் மனம் இன்னும் பாரமாகிவிடுகிறது. நிறுத்திவிடவா? (வாசகி, கோயம்புத்தூர்)

எந்தப் பக்கத்தில் பாரமாகிறது என்று பாருங்கள். இருளை விவரிக்கும் பகுதிகள் பெரும்பாலும் முன்பாதியில், மிக நுணுக்கமாக இருக்கும். மீட்சி பின்பாதியில், சில பக்கங்களில் முடிந்துவிடும். முன்பாதியிலேயே புத்தகத்தை மூடுகிறவருக்கு நோய் மட்டும்தான் மிஞ்சும். அதனால் கடைசி இரண்டு அத்தியாயங்களை முதலில் படியுங்கள். இந்த வகை நூலில் முடிவு முன்பே தெரிவதால் எந்த நட்டமும் இல்லை, இவர் பிழைத்துக்கொண்டார் என்று தெரிந்தபின் முன்பாதியைத் தாங்க முடிகிறது.

தற்கொலையைப் பற்றிய பகுதி, குறிப்பாக எப்படி என்று விவரிக்கும் பகுதி இருந்தால் தாண்டிவிடுங்கள். இது கோழைத்தனம் அல்ல. தற்கொலைச் செய்திகள் பரபரப்பாக வெளியாகும்போது தற்கொலைகள் கூடுவதை 1974இலேயே சமூகவியலாளர் டேவிட் பிலிப்ஸ் காட்டினார். அந்த எண்ணம் வந்தும் கடந்து வந்தவர்களின் கதைக்கு அதற்கு நேர்மாறான, காக்கும் தன்மை இருக்கலாம் என்று 2010இல் வெளியான ஆஸ்திரிய ஆய்வு ஒன்று காட்டியது. ஒரே விஷயம்தான், சொல்லும் விதத்தில் விஷமாகவும் மருந்தாகவும் மாறுகிறது.

புத்தகத்தை மூடிய பிறகு அரை மணி நேரத்தில் மனம் தேறினால் தொடரலாம். மறுநாள் காலையிலும் அதே பாரம் இருந்தால் இரண்டு வாரம் ஒதுக்கி வையுங்கள். "இவரே மீண்டார், என்னால் முடியவில்லையே" என்ற ஒப்பீடு திரும்பத் திரும்ப வந்தாலும் ஒதுக்கி வையுங்கள். சாக வேண்டும் என்ற எண்ணம் வந்தால் புத்தகத்தை விட்டுவிட்டுத் தொலைபேசியை எடுங்கள். 14416 என்ற டெலி மானஸ் (இந்திய அரசின் மனநல உதவி) எண்ணில் எந்நேரமும் கட்டணமின்றித் தமிழில் பேசலாம். இலங்கை வாசகர்களுக்கு 1926.

கேள்வி: அப்பாவுக்கு 61 வயது. மனச்சோர்வு என்று சொன்னால் "எனக்கென்ன சோர்வு, நல்லாத்தான் இருக்கேன்" என்கிறார். ஆனால் தூங்குவதில்லை, சாப்பிடுவதில்லை. ஆங்கிலம் தெரியாது. அவருக்கு ஏதாவது உண்டா? (வாசகர், மதுரை)

உங்கள் அப்பா சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது. அமெரிக்க நாவலாசிரியர் வில்லியம் ஸ்டைரன் 1985இல், 60 வயதில், இந்த நோயில் விழுந்தார். 1990இல் வெளியிட்ட 'டார்க்னெஸ் விசிபிள்' என்ற சிறு நூலில் அவருடைய பெரிய கோபமே 'டிப்ரஷன்' என்ற சொல்லின் மீதுதான். பொருளாதார மந்தத்துக்கும் தரையில் விழுந்த பள்ளத்துக்கும் சொல்கிற அதே சொல், இவ்வளவு கொடிய நோய்க்கு எப்படிப் போதும் என்று கேட்டார். நம் 'மனச்சோர்வு' என்ற சொல்லுக்கும் அதே குறை உண்டு. வெயிலில் அலைந்து வந்தாலும் சோர்வு, இதுவும் சோர்வு.

ஆகவே அந்தச் சொல்லை விடுங்கள். நெஞ்சு பாரமா இருக்கா, எதுலயும் பிடிப்பு இல்லையா, விடியக்காலை மூணு மணிக்கு முழிப்பு வந்துடுதா என்று கேளுங்கள். ஸ்டைரன் நூலில் ஒரு பக்கத்தைத் தேர்ந்து, வாக்கியம் வாக்கியமாக மொழிபெயர்க்காமல், "அந்த ஊர்ல ஒரு எழுத்தாளர், உங்க வயசு, அவருக்கு இப்படி இருந்துச்சாம்" என்று உங்கள் பேச்சில் சொல்லுங்கள். ஐந்து நிமிடம் போதும். சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். "எனக்கும் அப்படித்தான்" என்று ஒரு வார்த்தை வந்தால் அதுதான் திறந்த கதவு.

கெட்ட பெயர் வந்துவிடும் என்று மருத்துவமனையைத் தவிர்க்கச் சொன்ன மருத்துவராலேயே தன் துன்பம் நீண்டது என்று ஸ்டைரன் நினைத்தார். கடைசியில் ஏறத்தாழ ஏழு வாரம் உள்நோயாளியாக இருந்துதான் தேறினார். இந்தப் பகுதியைக் கட்டாயம் சொல்லுங்கள். இரண்டு வாரத்துக்கு மேல் ஏறக்குறைய எல்லா நாளும் இப்படி இருந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. இந்த வயதில் தைராய்டு, சர்க்கரை, வைட்டமின் பி12 பரிசோதனைகளையும் மருத்துவர் எழுதக்கூடும்.

கேள்வி: நூலில் வரும் மருந்தை நான் மருத்துவரிடம் கேட்டு வாங்கலாமா? (வாசகர், சேலம்)

மருந்தின் பெயரைக் கேட்பதால் பயன் குறைவு. ஜேமிசனுக்கு உயிர் தந்த லித்தியம் இருதுருவ நோய்க்கானது. அதற்கு இரத்தத்தில் அளவு பார்க்க வேண்டும், சிறுநீரகத்தையும் தைராய்டையும் கண்காணிக்க வேண்டும். இருதுருவ நோய் உள்ளவருக்கு மனச்சோர்வு மாத்திரை மட்டும் கொடுத்தால் மனம் எதிர்த் திசையில் எகிறலாம். ஸ்டைரனோ தூக்கத்துக்குத் தந்த ட்ரையசோலாம் தன் நிலையை மோசமாக்கியது என்று எழுதினார். ஒருவரின் மருந்துச் சீட்டு இன்னொருவருக்குப் பொருந்தாது.

நூலிலிருந்து மருத்துவரிடம் கொண்டுபோக வேண்டியது சொற்கள். படிக்கும்போது பென்சிலால், உங்களுக்கும் நடப்பதற்கு ஒரு கோடு, கேட்க வேண்டியதற்கு ஒரு கேள்விக்குறி போடுங்கள். போவதற்கு முந்தைய இரவு கோடு போட்டவற்றை அரைப் பக்கத்தில் உங்கள் வார்த்தையில் எழுதுங்கள்: எத்தனை மணிக்குத் தூக்கம், எத்தனை மணிக்கு விழிப்பு, எத்தனை வேளை சாப்பாடு தவறியது, எந்த மாதத்திலிருந்து, குடும்பத்தில் யாருக்காவது இருந்ததா. காரணமில்லாமல் தூக்கமே தேவைப்படாத உற்சாக நாட்கள் எப்போதாவது வந்தனவா என்பதையும் சேருங்கள். இருதுருவ நோயை அடையாளம் காண உதவும் தடயம் அது, நோயாளிகள் சொல்ல மறப்பதும் அதுதான். கூட்டமுள்ள வெளிநோயாளிப் பிரிவில் கிடைக்கும் சில நிமிடங்களில், "மனசு சரியில்ல டாக்டர்" என்பதைவிட அந்தக் காகிதம் பல மடங்கு சொல்லும்.

கேள்வி: தூங்குமுன் படிக்கலாமா? (வாசகி, நெல்லை)

இந்த நூல்களை வேண்டாம். படுக்கைக்கு இரண்டு மணி நேரம் முன்பே மூடிவிடுங்கள். தூக்கம் வராவிட்டால் சமையல் குறிப்போ சிறுவர் கதையோ புரட்டுங்கள்.