கதவைத் தட்டிவிட்டுத் திரும்பிய போலீஸ்

கேள்வி: ஒரு குற்றமும் செய்யாதவரின் துப்பாக்கியை நீதிமன்ற உத்தரவு வாங்கிப் பறிக்க அமெரிக்காவின் பல மாநிலங்களில் சட்டம் உள்ளதாமே? இது தனிமனித உரிமையில் கை வைப்பது அல்லவா?
- வாசகர், தஞ்சாவூர்

பதில்: உரிமை துப்பாக்கி வைத்திருப்பவருக்கு மட்டும்தானா? அவரைப் பார்த்துப் பயந்து கிடக்கும் குடும்பத்துக்கு இல்லையா?

மெய்ன் மாநிலத்தில் நடந்ததைக் கேளுங்கள். 2023 மே மாதம் ஒருவரின் மகனும் அவரைப் பிரிந்த மனைவியும் போலீசிடம் போய், அவர் மனநிலை சரியில்லை, கையில் துப்பாக்கிகள் இருக்கின்றன என்று சொன்னார்கள். செப்டம்பரில் ராணுவ ரிசர்வ் படையில் அவரோடு இருந்தவர்களும் எச்சரித்தார்கள். போலீஸ் வீட்டுக்குப் போனது. அவர் கதவைத் திறக்கவில்லை. திரும்பி வந்துவிட்டார்கள். அக்டோபர் 25 அன்று லூயிஸ்டன் நகரில் 18 பேரை அவர் சுட்டுக் கொன்றார். துப்பாக்கி சட்டப்படி வாங்கியதுதான்.

அன்றைக்கு மெய்னில் இருந்த சட்டப்படி, போலீஸ் முதலில் ஆளைக் காவலில் எடுக்க வேண்டும், மருத்துவப் பரிசோதனை நடக்க வேண்டும், அதற்கப்புறம்தான் நீதிபதி. பெற்ற பிள்ளை நேரே நீதிமன்றப் படியேற வழியில்லை. 2025 நவம்பரில் மெய்ன் மக்களே வாக்களித்து அந்த வழியைத் திறந்தார்கள்.

உங்கள் கவலையில் ஓரிடம் நியாயமானது. முதல் உத்தரவை எதிர்த்தரப்பைக் கேட்காமலே நீதிபதி போடலாம். ஆனால் அது பல மாநிலங்களில் 14 நாள் வரைதான். அதற்குள் அவரை அழைத்து விசாரித்தாக வேண்டும். அவரால் ஆபத்து என்று நிரூபித்தால் பெரும்பாலும் ஓராண்டுத் தடை. இல்லையென்றால் துப்பாக்கி திரும்பக் கிடைக்கும். சிறை கிடையாது.

இன்னொன்றையும் நினைத்துப் பாருங்கள். அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் தங்களையே சுட்டுக்கொள்கிறவர்கள். 1999-இல் முதலில் இந்தச் சட்டம் கொண்டுவந்த கனெக்டிகட்டில், இப்படித் துப்பாக்கியை எடுத்த 10 முதல் 20 சம்பவங்களுக்கு ஓர் உயிர் தற்கொலையிலிருந்து தப்பியதாக ஆய்வாளர்கள் கணித்திருக்கிறார்கள். அந்த மனிதருக்கு நாம் எந்த உரிமையைப் பற்றிப் பேசுவது?

எனக்குள்ள கோபம் வேறு. நியூயார்க்கில் இந்தச் சட்டம் 2019-லேயே வந்துவிட்டது. 2021-இல் ஒரு மாணவன் பள்ளியில் கொலை மிரட்டல் விடுத்தான். மனநலப் பரிசோதனைக்கு அழைத்துப் போய் அனுப்பிவிட்டார்கள். உத்தரவு கேட்டு ஒருவரும் மனுப் போடவில்லை. மறு ஆண்டு மே மாதம் பஃபலோ நகரின் ஒரு சூப்பர் மார்க்கெட்டில் 10 பேரைக் கொன்றான். ஆபத்து தெரிந்தால் போலீஸ் மனுப் போட்டே தீர வேண்டும் என்ற விதி அதற்குப் பிறகுதான் அங்கே வந்தது.