ஆலோசகருக்கு வயதாகிறது... அவரிடமே கேட்கலாமா?

கேள்வி: 18 வருடங்களாக ஒரே மனநல ஆலோசகரிடம் செல்கிறேன். அவருக்கு இப்போது 79 வயது. சமீபகாலமாக அடிக்கடி செஷனைத் தள்ளிவைக்கிறார். அவர் இல்லாமல் போனால் என்ன செய்வேனோ என்ற பயத்தில் தூக்கம் வருவதில்லை. கேட்டால் மனம் நோவாரோ? இப்போதே வேறொருவரைத் தேடினால் துரோகமாகாதா?

பதில்: கேளுங்கள். அடுத்த செஷன் தொடங்கியதுமே கேளுங்கள். கிளம்பும் நேரத்தில் கேட்டால் பேச அவகாசம் இருக்காது. "உங்களை இழந்துவிடுவேனோ என்று பயமாக இருக்கிறது" என்ற ஒரு வரி போதும். பிரிவைப் பேசுவதும் அவருடைய வேலைதான்.

அவராகவே சொல்வார் என்று காத்திருக்காதீர்கள். 1923-இல் வாய்ப் புற்றுநோய் கண்டறியப்பட்ட, மனநல சிகிச்சையின் முன்னோடியான சிக்மண்ட் ஃபிராய்ட், 1939-இல் இறப்பதற்குச் சில வாரங்கள் முன்புவரை நோயாளிகளைப் பார்த்தார். இந்தத் தொழிலை விட யாருக்கும் எளிதில் மனம் வராது. நீங்களும் பேசாமல் இருந்தால், அவருக்குப் பாரமாகக் கூடாதென்று உங்கள் கஷ்டங்களைக் குறைத்துச் சொல்ல ஆரம்பிப்பீர்கள். சிலர் அவருக்கு முன் நாமே விலகிவிடலாம் என்று திடீரென நின்றுவிடுகிறார்கள். இரண்டிலும் சிகிச்சை கெடுகிறது.

முக்கியமாக ஒன்றைக் கேளுங்கள்: அவருக்கு ஏதாவது ஆனால் உங்களுக்குத் தகவல் சொல்லப்போவது யார்? ரகசியம் காக்க வேண்டியிருப்பதால், நீங்கள் யாரென்றே அவர் வீட்டாருக்குத் தெரியாமல் இருக்கலாம். ஆகவே சக ஆலோசகர் ஒருவரை எழுத்துமூலம் நியமித்து, தகவல் சொல்வதையும் குறிப்புகளைப் பாதுகாப்பதையும் அவரிடம் ஒப்படைப்பதே நல்ல முறை. அந்த ஏற்பாடு இல்லையென்றால் செய்யச் சொல்லுங்கள். அது உங்கள் உரிமை.

அவர் பரிந்துரைக்கும் இருவரின் பெயர்களை வாங்கி, ஒருவரையாவது இப்போதே சந்தியுங்கள். அவருக்குச் சொல்லிவிட்டுச் செய்வது எப்படித் துரோகமாகும்? எந்தச் சூழலில் மனம் குலைகிறது, எது உதவியது, எது உதவவில்லை என்பதை இருவருமாக ஒரு பக்கத்தில் எழுதிவையுங்கள். மருந்தும் அவரே எழுதித் தருபவரானால் அதன் பெயர், அளவு, அடுத்து யார் எழுதித் தருவார் என்பதும் அதில் இருக்கட்டும். மனச்சோர்வு மருந்துகள் சட்டென நின்றால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரக்கூடும்.

பிரிவு நேர்ந்தால், உங்கள் துக்கத்தின் ஆழம் சுற்றியிருப்பவர்களுக்குப் புரியாமல் போகலாம். விஷயம் தெரிந்த ஒருவராவது அருகில் இருக்கட்டும். உயிரை விடலாமென்ற எண்ணம் எழுந்தால் செஷனுக்குக் காத்திராமல் அன்றே அவசர உதவியை நாடுங்கள். புதியவரிடம் போனதும் பழைய பிரச்சினைகளை முழுக்க ஒப்பிக்க அவசரப்பட வேண்டாம். முதல் சில சந்திப்புகளில் பழைய ஆலோசகரைப் பற்றியே பேசலாம்.