எழுதி அழித்த பதில்

அன்புள்ள ஐயா,

காரைக்குடியில் முதுகலை வரலாறு படிக்கிறேன். வீடு ஆத்தங்குடி. எங்கள் பேராசிரியர் வாரம் ஒரு கேள்வியை வகுப்பின் இணையக் குழுவில் இடுவார். நாங்கள் எழுத்தில் விவாதிக்க வேண்டும். சென்ற வாரம் செட்டிநாட்டு வீடுகளின் கட்டுமானப் பொருள்கள் பற்றிய கேள்வி. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் சூளையில் சுடப்படுவது என்று ஒரு மாணவர் எழுதினார். அது தவறு என்று எனக்குத் தெரியும். அப்பா கல் பட்டறையில்தான் வேலை செய்கிறார். நான்கு முறை பதில் எழுதி, நான்கு முறையும் அழித்துவிட்டேன். எனக்கு நயமாக எழுத வராது. மற்றவர்கள் எழுதுவதைப் படித்தால் போதாதா? இதிலெல்லாம் உண்மையிலேயே படிப்பு நடக்கிறதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள மாணவிக்கு,

நடக்கிறது. சென்ற வாரம் நடக்காமல் போனதற்கு, நீங்கள் அழித்த அந்தப் பதிலும் ஒரு காரணம்.

அந்த மாணவரைக் குறை சொல்ல முடியாது. செங்கல்லும் ஓடும் சூளையில் வேகின்றன; தரைக் கல்லும் அப்படித்தான் என்று நினைத்திருப்பார். நீங்களோ பட்டறையைப் பார்த்து வளர்ந்தவர். கண்ணாடியின் மேல் அச்சை வைத்து, நிறம் கலந்த சிமென்ட் குழம்பைக் கட்டம் கட்டமாக ஊற்றுகிறார்கள். அச்சை எடுத்துவிட்டு உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி, அதன்மேல் ஈரக் கலவையை வைத்து மட்டம் செய்கிறார்கள். காய்ந்து, தொட்டித் தண்ணீரில் ஊறிய பிறகு கண்ணாடியைப் பிரித்தால் பூ தெரிகிறது. அந்த வழவழப்பு கண்ணாடி கொடுத்தது. நெருப்புக்கு அங்கே வேலையே இல்லை.

இதை எழுதியிருந்தால் யாராவது அடுத்த கேள்வியைக் கேட்டிருப்பார்கள்: சிமென்ட் எப்போது வந்தது? போர்ட்லண்டு சிமென்டுக்கு இங்கிலாந்தில் காப்புரிமை பெற்றதே 1824இல்தான். அப்படியென்றால் இந்தக் கல் பதித்த தரைக்கு அதிகம் போனால் எத்தனை வயது? பட்டறையில் கிடைக்காத இந்தக் கேள்வி உங்களுக்குக் கிடைத்திருக்கும். வரலாற்று மாணவிக்கு இதைவிட என்ன வேண்டும்?

படித்தால் போதாதா என்கிறீர்கள். நன்னூல் இதற்குக் கணக்கே போட்டிருக்கிறது. ஆசிரியர் சொன்னதை முழுதாக வாங்கிக்கொண்டாலும் புலமையில் கால்பங்குதான். உடன் படிப்பவர்களோடு பழகுவதில் இன்னொரு கால். மீதி அரைப்பங்கு பிறருக்கு எடுத்துரைக்கும்போதுதான் வருகிறது. அந்த அரையைத்தான் நீங்கள் நான்கு முறை அழித்தீர்கள்.

1939இல் சா. கணேசன் கம்பன் கழகம் தொடங்கிய ஊரில் படிக்கிறீர்கள். அங்கே பட்டிமன்றங்களைக் கேட்டு மயங்கியவன் நான். ஆனாலும் கற்பதற்கு உங்கள் குழுவே மேல் என்பேன். மேடையில் அணியைக் காப்பாற்றியாக வேண்டும், அந்தக் கணமே பேசியாக வேண்டும். உங்களுக்கு ஓர் இரவு முழுக்க யோசிக்க நேரம் இருக்கிறது. பேராசிரியர் எழுதியதைப் படித்து மனத்தை மாற்றிக்கொள்ளவும் தடையில்லை. வகுப்பில் வாய் திறக்கக் கூசுகிறவர்களுக்கு இது பெரிய வாய்ப்பு. நான் படித்த காலத்தில் இல்லாமல் போயிற்றே என்று ஏங்குகிறேன்.

நயம் வேண்டாம். ‘தவறு’ என்று தொடங்கவும் வேண்டாம். பார்த்ததைப் பார்த்த வரிசையில் எழுதுங்கள். வாரம் கடந்துவிட்டதே என்று தயங்காமல் இன்றே எழுதுங்கள். கல் எத்தனை நாள் தண்ணீரில் ஊறுகிறது என்று அப்பாவிடம் கேட்டு அதையும் சேருங்கள். எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.