ஃபைலை எங்கே வைப்பது? கேள்வி பதில்

ஹெரோகு என்ற கிளவுட் சேவையில் என் சின்ன இணையதளம் ஒன்று ஓடுகிறது. பயனர்கள் ஏற்றும் படங்களை ஒரு ஃபோல்டரில் சேமிக்கிறேன். சாயங்காலம் இருந்த படம் மறுநாள் காலையில் இல்லை. யாராவது அழிக்கிறார்களா?

யாரும் அழிக்கவில்லை. அங்கே உங்கள் தளத்தை ஓட்டும் சின்ன சர்வருக்கு டைனோ என்று பெயர், அதன் டிஸ்க் தற்காலிகமானது. நாளுக்கு ஒரு முறையாவது டைனோ ரீஸ்டார்ட் ஆகும், நீங்கள் புது நிரல் (கோட்) ஏற்றினாலும் ஆகும். அப்போது நிரலோடு வந்தவை மட்டுமே மிஞ்சும். இரண்டு டைனோ வைத்தால் இன்னும் வேடிக்கை: ஒன்றில் ஏற்றிய படம் மற்றதற்குத் தெரியாது, ரிஃப்ரெஷ் செய்யச் செய்ய வந்து வந்து போகும். ஃபைலை அமேசானின் ஃபைல் கிடங்கான எஸ்3 போன்ற இடத்தில் வையுங்கள். டேட்டாபேஸில் அதன் கீ (கிடங்கில் அதற்குள்ள பெயர்), அளவு, வகை, ஏற்றியவர் யார் என்பது மட்டும் இருக்கட்டும்.

டேட்டாபேஸிலேயே வைத்தால் என்ன அண்ணா? போஸ்ட்கிரஸ் டேட்டாபேஸில் ஃபைலின் பைட்டுகளை அப்படியே வைக்க பைட்டியா என்ற வகை இருக்கிறதே?

இருக்கிறது, 1 ஜிபி வரை தாங்கும். கையெழுத்துப் படம் மாதிரி சின்னச் சின்ன ஃபைல் என்றால் நானும் அதைத்தான் செய்வேன். டேபிளில் உள்ள பதிவும் ஃபைலும் ஒரே டிரான்சாக்‌ஷனில் (இரண்டும் சேர்ந்தே நடக்கும், இல்லாவிட்டால் இரண்டும் நடக்காது) போவதால் ஒன்று இருந்து மற்றது இல்லாத நிலை வராது. வீடியோவுக்கு வேண்டாம், பேக்கப் எடுக்கும்போது அழுவீர்கள்.

80 எம்பி வீடியோவை சர்வர் வாங்கி எஸ்3க்கு அனுப்புகிறது. அடிக்கடி 503 வருகிறது.

ஹெரோகு ரூட்டர் முழு வேண்டுகோளையும் உங்களிடம் கொடுத்தபின் 30 வினாடிதான் காத்திருக்கும். அதற்குள் பதிலைத் தொடங்காவிட்டால் எச்12 என்ற பிழை, அதுதான் உங்களுக்கு 503 ஆகத் தெரிகிறது. வீடியோ உங்கள் சர்வர் வழியாகப் போகவே தேவையில்லை. சர்வர் ஒரு ப்ரீசைன்டு யூஆர்எல் (கொஞ்ச நேரம் மட்டும் செல்லும் அனுமதி இணைப்பு) தயாரித்துத் தரட்டும், பிரௌசர் நேராக பக்கெட்டுக்கு, அதாவது எஸ்3இல் உங்கள் ஃபைல்கள் இருக்கும் இடத்துக்கு, ஏற்றட்டும். பக்கெட்டில் கார்ஸ் அனுமதி (உங்கள் தளத்தின் பக்கம் வேறு டொமைனிலுள்ள பக்கெட்டோடு பேசலாம் என்ற அனுமதி) கொடுக்க மறக்காதீர்கள், முதல் நாள் எல்லோரும் மாட்டுவது அங்கேதான்.

'இவ்வளவு அளவுக்குள்தான்' என்று கட்டுப்படுத்த வேண்டுமென்றால் ஃபைலை நேராக அனுப்பும் புட் (PUT) முறையை விட, விதிகளோடு ஃபார்மாக அனுப்பும் போஸ்ட் (POST) பாலிசி வசதி, அதில் குறைந்த, அதிக அளவை எழுதிவிடலாம். ஒரே புட்டில் 5 ஜிபி வரை போகும். மொபைல் நெட்டில் விட்டு விட்டு ஏறும் ஃபைலுக்கு, துண்டு துண்டாக ஏற்றும் மல்டிபார்ட் முறை நல்லது. கடைசித் துண்டு தவிர ஒவ்வொன்றும் குறைந்தது 5 எம்பி, மொத்தம் 10,000 துண்டுகள் வரை. பாதியில் நின்ற துண்டுகள் ஃபைல் பட்டியலில் தெரியாது, பில்லில் தெரியும். ஒரு மாதம் நானே காரணம் புரியாமல் தேடியிருக்கிறேன். ஏழு நாளில் அவற்றைத் தானாக அழிக்கும் லைஃப்சைக்கிள் விதியை பக்கெட்டில் முதலிலேயே போடுங்கள்.

ஃபைல் பெயர் .ஜேபிஜி என்று முடிகிறதா என்று பார்த்தால் போதுமா?

போதாது. பெயரும் பிரௌசர் சொல்லும் வகையும் பயனர் கையில் இருப்பவை. முதல் சில பைட்டுகளைப் பாருங்கள். பிடிஎஃப் என்றால் சதவீதக் குறியும் பிடிஎஃப் எழுத்துகளும் இருக்கும். அதுவும் முழுப் பாதுகாப்பு இல்லை. எஸ்விஜி படத்துக்குள் ஸ்கிரிப்டே எழுதலாம், ஆகவே பயனர் ஃபைல்களை வேறு டொமைனிலிருந்து கொடுங்கள்.

'கோயில்' என்று பெயரிட்ட படத்தைத் தேடினால் சிலருடையது மட்டும் கிடைப்பதில்லை. கண்ணுக்கு ஒரே பெயர்தான்.

கண்ணுக்கு மட்டும்தான். யூனிகோடில் 'கோ'வின் ஓகாரக் குறியை ஒரே குறியாகவும் எழுதலாம், ஏகாரக் குறி, கால் என்று இரண்டாகப் பிரித்தும் எழுதலாம். மேக்கிலிருந்து சில நேரம் பிரிந்த வடிவம் வரும். பெயரைச் சேமிக்கும்போதும் தேடும்போதும் என்எஃப்சி வடிவத்துக்கு (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு முறை) மாற்றுங்கள். பக்கெட்டில் கீயாக யூயூஐடி (மற்றதோடு மோதாத தற்செயல் அடையாள எண்) வையுங்கள், பயனர் வைத்த பெயர் டேட்டாபேஸில் இருக்கட்டும். லினக்ஸ் டிஸ்க்கில் பெயருக்கு பொதுவாக 255 பைட்தான். தமிழில் ஒரு குறிக்கு 3 பைட் போனால் 85 குறிதான் மிஞ்சும், புள்ளியும் கொம்பும் அதிலேயே அடக்கம்.