மகனிடம் உற்சாகத்தைக் கேட்காதீர்கள்

கேள்வி: என் மகன் பிற்காலப் பரிசுத்தவான்களின் இயேசு கிறிஸ்து சபையின், அதாவது மார்மன் சபையின், மிஷனரியாக இங்கிலாந்தில் ஊழியம் செய்கிறான். பல நாட்கள் வீடு வீடாகக் கதவைத் தட்டுவதிலேயே கழிந்துவிடுகின்றன; உள்ளே அழைப்பவர்கள் மிக அரிது. வாரம் ஒருமுறை பேசும்போது, "மனம் தளராதே, எப்போதும் உற்சாகமாக இரு" என்று சொல்லி வருகிறேன். ஆனாலும் அவன் பேச்சு வாரத்துக்கு வாரம் சுருங்கிக்கொண்டே போகிறது. அவனை உற்சாகமாக வைத்திருக்க நான் வேறு என்ன சொல்ல வேண்டும்?

பதில்: முதலில், இதுவரை சொல்லிவந்த அந்த வாக்கியத்தை நிறுத்திவிடுங்கள். பகல் முழுவதும் முன்பின் தெரியாதவர்கள் முன்னால் மலர்ந்த முகத்துடன் நின்றுவிட்டு வருகிற இளைஞரிடம், வீட்டாரோடு பேசும் அந்தச் சிறிது நேரத்திலும் அதே முகத்தை எதிர்பார்த்தால், அவர் தம் சோர்வை எங்கேதான் கொண்டுபோய் வைப்பார்? அவர் பேச்சு சுருங்குவதற்கு, உங்களிடம் சொல்லத்தக்க உற்சாகமான செய்தி அவரிடம் தீர்ந்துபோனதே காரணமாக இருக்கலாம்.

2019 பிப்ரவரிக்கு முன்பு மார்மன் மிஷனரிகள் பொதுவாகக் கிறிஸ்துமஸை ஒட்டியும் அன்னையர் தினத்தை ஒட்டியும் மட்டுமே வீட்டாருடன் தொலைபேசியில் பேச முடிந்தது. அதன் பிறகுதான் வாரந்தோறும், அவர்களுடைய ஆயத்த நாளில், அதாவது சொந்த வேலைகளுக்கென ஒதுக்கப்பட்ட நாளில், பேசிக்கொள்ளலாம் என்று சபை அனுமதித்தது. முந்தைய தலைமுறைத் தாய்மார்களுக்குக் கிடைக்காத வாய்ப்பு உங்களுக்குக் கிடைத்திருக்கிறது. அதை அறிவுரைக்குச் செலவிடாமல், கேட்பதற்குப் பயன்படுத்துங்கள். "இந்த வாரத்தில் எந்த நாள் மிகக் கடினமாக இருந்தது?" என்று கேளுங்கள். அவர் பதில் சொல்லும்போது குறுக்கே ஆறுதல் சொல்லாமல் இறுதிவரை கேளுங்கள்.

அவருடைய வாழ்க்கை எப்படிப்பட்டது என்பதை நினைத்துப் பாருங்கள். ஆண்களுக்கு 2 ஆண்டுகள், பெண்களுக்கு 18 மாதங்கள், சம்பளம் கிடையாது, போகும் இடத்தையும் உடன் தங்கும் துணை ஊழியரையும் அவர்களாகத் தேர்ந்தெடுக்க முடியாது, அந்தத் துணையை விட்டுப் பெரும்பாலும் பிரிந்திருக்கவும் கூடாது. சில வாரங்களுக்கு ஒருமுறை வரும் இடமாற்றத்தில் துணையோ ஊரோ மாறிவிடலாம். கதவு மூடப்படுவதை மட்டும் எண்ணி நீங்கள் வருந்துகிறீர்கள். ஆனால் தனிமை என்பதே இல்லாத நிலையும், நெருங்கிய நண்பர் என்று ஒருவரும் இல்லாத நிலையும் ஒரே சமயத்தில் நேர்வது, கதவுகளை விடவும் அதிகமாக ஒருவரைச் சோர்வடையச் செய்யும். ஆகவே துணை ஊழியருடன் அவருக்கு ஒத்துப்போகிறதா என்பதையும் விசாரியுங்கள்.

இனிக் கதவுகளைப் பற்றி. கதவைத் திறந்து "வேண்டாம்" என்று சொல்பவருக்கு உங்கள் மகனைப் பற்றி எதுவுமே தெரியாது. வேலைக்குக் கிளம்பும் அவசரமோ, தூங்கும் குழந்தையோ, மதப் பேச்சில் விருப்பமின்மையோ, தமக்கெனத் தெளிவான வேறொரு நம்பிக்கையோ அவருக்கு இருக்கலாம். மறுப்பது அவருடைய உரிமை. சபையின் ஊழிய வழிகாட்டி நூலும் (2004இல் வெளியாகி 2023இல் திருத்தப்பட்டது) இதையே ஒப்புக்கொள்கிறது: செய்தியை ஏற்பதும் மறுப்பதும் கேட்பவரின் சுதந்திரம், மற்ற மிஷனரிகளின் பலன்களோடு தம் பலன்களை ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது. இதை அறிவால் ஏற்றுக்கொள்வது எளிது. ஆனால் வாரந்தோறும் எண்ணிக்கைகளைப் பதிவு செய்யும் வழக்கத்துக்கு நடுவே மனத்தால் ஏற்றுக்கொள்வது எளிதன்று. எனவே உங்கள் பங்குக்கு ஒன்று செய்யலாம்: "யாராவது ஞானஸ்நானம் பெற்றார்களா?" என்ற கேள்வியை உங்கள் வீட்டில் யாருமே அவரிடம் கேட்காதிருக்கும்படி பார்த்துக்கொள்ளுங்கள். மறுத்தவரிடமும் மரியாதையோடு விடைபெற்றாரா, அடுத்த வீட்டு வாசலுக்கு முந்தைய வீட்டின் கசப்பைச் சுமந்து செல்லாதிருக்க முடிந்ததா என்பன அவர் கையில் உள்ளவை. அவரே பேச முன்வந்தால், அவற்றைப் பற்றிப் பேசுங்கள்.

கதவு தட்டுவது ஒன்றுதான் ஊழியம் என்ற எண்ணமும் வேண்டாம். சபை உறுப்பினர்கள் அறிமுகப்படுத்துபவர்களைச் சந்திப்பது, இலவச ஆங்கில வகுப்பு நடத்துவது, பொதுத் தொண்டில் இறங்குவது, இணையம் வழியே உரையாடுவது ஆகியவற்றையும் இன்றைய மிஷனரிகள் செய்கிறார்கள். நாளெல்லாம் தெருத்தெருவாக நடப்பதே வழக்கமாகிவிட்டதென்றால், அட்டவணையை மாற்றுவது பற்றித் துணை ஊழியரோடும், அந்தப் பகுதி மிஷனரிகளுக்குப் பொறுப்பான மிஷன் தலைவரோடும் அவர் பேசலாம். ஒருவருக்குக் கையால் உதவி செய்து முடித்த பிற்பகல் தருகிற நிறைவு, வெறும் ஊக்கச் சொற்களால் வருவதில்லை.

இந்தச் சபையில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு நிகழ்ச்சி உண்டு. பிற்காலத்தில், 1995 முதல் 2008 வரை, சபையின் தலைவராக இருந்த கார்டன் ஹிங்க்லி, 1933இல் இங்கிலாந்தின் பிரெஸ்டன் நகரில் இளம் மிஷனரியாக இருந்தார். உடல்நலமும் சரியில்லை, கேட்பாரும் இல்லை. தம் நேரத்தையும் தந்தையின் பணத்தையும் வீணாக்குவதாகத் தந்தைக்குக் கடிதம் எழுதினார். "உன்னை மறந்துவிட்டு வேலையில் இறங்கு" என்று தந்தை பதில் எழுதினார். அதுவே அவரை மாற்றியது. இந்தக் கதையைச் சொல்பவர்கள் தந்தையின் பதிலையே போற்றுகிறார்கள். எனக்கு அந்த மகனின் கடிதம்தான் பெரிதாகத் தெரிகிறது. தாம் தோற்றுக்கொண்டிருப்பதாக வீட்டுக்கு எழுத அவருக்கு முடிந்தது. எழுதினால் தந்தை கேட்பார் என்ற நம்பிக்கை இருந்தது. அந்த நம்பிக்கை உங்கள் மகனுக்கு இருக்கிறதா என்று பாருங்கள். தந்தையின் பதிலை அப்படியே எடுத்து அவருக்கு அனுப்பிவிடாதீர்கள். அது சோம்பலுக்கும் சுயஇரக்கத்துக்கும் மருந்தாகலாம், நோய்க்கு மருந்தாகாது.

நோய் என்று நான் சொல்வது வெறும் அச்சமூட்டுவதற்காக அன்று. மிஷனரிகளின் மன அழுத்தத்தைப் பச்சை, மஞ்சள், ஆரஞ்சு, சிவப்பு என நான்கு நிலைகளாகப் பிரித்து விளக்கும் கையேடு ஒன்றைச் சபையே வெளியிட்டிருக்கிறது. சோர்வு இயல்பானது என்பதையும், ஓர் எல்லைக்கு மேல் அது இயல்பானதாக இருக்காது என்பதையும் சபையே அறிந்திருக்கிறது என்பதற்கு இதுவே சான்று. "நீ இப்போது எந்த நிறத்தில் இருக்கிறாய்?" என்று அவரிடம் நேரடியாகக் கேட்கலாம். உறக்கம் கெட்டிருந்தால், உணவு குறைந்திருந்தால், தம்மால் யாருக்கும் பயனில்லை என்று அவர் சொல்லத் தொடங்கியிருந்தால், அடுத்த வார அழைப்புக்காகக் காத்திருக்க வேண்டாம். மிஷன் தலைவரைத் தொடர்புகொண்டு, மனநல ஆலோசகரைச் சந்திக்க ஏற்பாடு செய்யுமாறு வற்புறுத்துங்கள்.

காலம் முடியுமுன் வீடு திரும்பும் மிஷனரிகள் தோல்வியுற்றவர்களாகப் பார்க்கப்படுவார்களோ என்ற அச்சத்தாலேயே பலர் வாய் திறப்பதில்லை. வீட்டிலிருந்தபடியே தொண்டாற்றும் சேவை ஊழியம் என்ற வழியும் சபையில் இருக்கிறது என்பதை அறிந்துகொள்ளுங்கள். "நீ முடித்துவிட்டு வந்தாலும், இடையில் வந்தாலும், இந்த வீட்டில் உனக்குள்ள இடம் மாறாது" என்று இந்த வாரமே அவரிடம் சொல்லுங்கள். உறவினர்கள் கேட்டால் என்ன பதில் சொல்வது என்ற கவலையை நீங்களும் உங்கள் கணவரும் ஏற்றுக்கொள்ளுங்கள். அதை அவர்மேல் சுமத்த வேண்டாம்.