டிரெய்னிங் பாண்டைக் காட்டி ஒரிஜினல் சான்றிதழைப் பள்ளி பிடித்து வைக்கலாமா?

கேள்வி: வக்கீல் சார், நாமக்கல் மாவட்டத்தில் ஒரு சிபிஎஸ்இ பள்ளியில் கணக்கு டீச்சராக இருக்கிறேன். சேரும்போதே பத்தாம் வகுப்பு மார்க் ஷீட்டிலிருந்து பி.எட். பட்டம் வரை எல்லா ஒரிஜினலையும் வாங்கி வைத்துக்கொண்டார்கள். மூன்று வருடம் வேலை பார்க்க வேண்டும், இடையில் நின்றால் 'பயிற்சிச் செலவாக' 1,50,000 ரூபாய் கட்ட வேண்டும் என்று முத்திரைத்தாளில் கையெழுத்தும் வாங்கினார்கள். தேதி போடாத செக் ஒன்றும் அவர்களிடம் இருக்கிறது. இரண்டு வருடம் முடியப் போகிறது. கணவருக்குக் கோயம்புத்தூருக்கு மாற்றல். ஏப்ரலோடு நின்றுகொள்கிறேன் என்றதும், பணத்தைக் கட்டிவிட்டு சர்டிபிகேட்டை வாங்கிக்கொள்ளுங்கள் என்கிறார் தாளாளர். என் சம்பளம் 18,000. பயிற்சி என்று நடந்தது சில சனிக்கிழமை ஒர்க்‌ஷாப், கோடை விடுமுறையில் ஐந்து நாள் வகுப்பு, அரசின் தீக்‌ஷா ஆப்பில் ஆன்லைன் கோர்ஸ், அவ்வளவுதான். நான் என்ன செய்வது?

பதில்: சகோதரி, பாண்டு வேறு, சான்றிதழ் வேறு. இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட்டு உங்களைப் பயமுறுத்துகிறார்கள், முதலில் அந்த முடிச்சை அவிழ்த்துவிடுவோம்.

சான்றிதழ் உங்கள் சொத்து. அதைப் பள்ளியிடம் சரிபார்க்கத்தான் கொடுத்தீர்கள், வேலை முடிந்தால் திருப்பித் தர வேண்டும், இந்திய ஒப்பந்தச் சட்டம் 1872, பிரிவு 160 அதைத்தான் சொல்கிறது. பாக்கிப் பணம் வரும்வரை அடுத்தவர் பொருளைப் பிடித்து வைக்கும் பொது உரிமை யாருக்கு உண்டு என்று பிரிவு 171 பட்டியல் போட்டிருக்கிறது, வங்கி போன்ற ஒரு சிலருக்குத்தான் அது, பள்ளிக்கூடம் அதில் கிடையாது. மற்றவர்களுக்கு அந்த உரிமை வேண்டுமென்றால் ஒப்பந்தத்தில் வெளிப்படையாக எழுதியிருக்க வேண்டும். அதனால் உங்கள் பாண்டை எடுத்து, 'பணம் கட்டும்வரை சான்றிதழை வைத்துக்கொள்ளலாம்' என்று ஒரு வரி இருக்கிறதா என்று பாருங்கள். நகல் கையில் இல்லையென்றால் எழுத்து மூலமாகக் கேளுங்கள். அப்படியொரு வரி இருந்தாலும் அதை எதிர்த்து வாதாட இடம் இருக்கிறது, ஏனென்றால் ஓர் ஆசிரியருக்குப் பட்டச் சான்றிதழ்தான் பிழைப்பு, அதை அடகுப் பொருள்போல வைத்துக்கொள்வதை நீதிமன்றம் லேசில் ஏற்காது.

இப்போது பாண்டுக்கு வருவோம். 'பாண்டெல்லாம் செல்லாது, கிழித்துப் போடு' என்று ஸ்டாஃப் ரூமில் சொல்வார்கள், அதை நம்ப வேண்டாம். 2025 மே மாதம் விஜயா வங்கி வழக்கில், மூன்று வருடம் முடிக்காமல் போனால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. உங்கள் தாளாளரின் வக்கீல் முதலில் நீட்டப் போவது அந்தத் தீர்ப்பைத்தான். ஆனால் அது பொதுத்துறை வங்கி. நாடு முழுக்க விளம்பரம் கொடுத்து, போட்டி முறையில் ஆள் எடுக்க வேண்டிய இடம், ஒருவர் பாதியில் போனால் அத்தனையும் மறுபடி செய்ய வேண்டும் என்பதைத்தான் நீதிமன்றம் முக்கியமாகப் பார்த்தது. உங்கள் பள்ளிக்கு அப்படி என்ன செலவு வந்துவிட்டது?

வழக்கு நிற்பதும் விழுவதும் இங்கேதான். ஒப்பந்தச் சட்டம் பிரிவு 74-ன்படி பாண்டில் எழுதிய தொகை உச்சவரம்பு மட்டுமே. அதற்குள் நியாயமான இழப்பீடுதான் கிடைக்கும், எழுதிய எண் அப்படியே கிடைக்காது. 1963-ல் ஃபதே சந்த் வழக்கிலிருந்து 2015-ல் கைலாஷ் நாத் வழக்கு வரை உச்ச நீதிமன்றம் சொல்லி வருவது இதுதான். இழப்பை நிரூபிக்க முடிகிற இடத்தில் நிரூபித்தே ஆக வேண்டும். பயிற்சிச் செலவு பில்லோடு காட்டக்கூடிய விஷயம். அப்புறம், சிபிஎஸ்இ ஆசிரியர்கள் வருடத்துக்கு 50 மணி நேரம் பயிற்சி முடிக்க வேண்டும் என்பது வாரியத்தின் விதி. 25 மணி நேரம் வாரியமோ அரசுப் பயிற்சி நிறுவனமோ நடத்துவது, மீதி 25 பள்ளிக்குள்ளேயோ சகோதயா என்ற அக்கம்பக்கத்து சிபிஎஸ்இ பள்ளிகளின் குழுவிலோ நடப்பது. தேசியக் கல்விக் கொள்கை 2020-ம் அதே 50 மணி நேரத்தைத்தான் சொல்கிறது. தன் அங்கீகாரத்துக்காகப் பள்ளி எப்படியும் செய்ய வேண்டிய வேலைக்கு உங்களிடம் பில் போடுகிறார்கள். தீக்‌ஷா கோர்ஸ் இலவசம். சனிக்கிழமை ஒர்க்‌ஷாப்புக்கு வந்தவருக்குக் கொடுத்த தொகையை அன்று ஹாலில் உட்கார்ந்திருந்த டீச்சர்கள் எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள், ஒரு லட்சத்து ஐம்பதாயிரத்தின் பக்கத்தில்கூட வராது. மூன்றில் இரண்டு வருடம் உழைத்தும் கொடுத்துவிட்டீர்கள். 18,000 சம்பளம் வாங்குகிறவரிடம் எட்டு மாதச் சம்பளத்துக்கு மேல் கேட்பது, பயிற்சி என்ற நல்ல காரியத்தையே ஆசிரியருக்கு விலங்காக்குவது. எனக்கு அதில்தான் கோபம் வருகிறது.

உங்கள் பக்கத்தில் பலவீனமாகக்கூடியது நோட்டீஸ் காலம்தான். நியமன உத்தரவில் எத்தனை மாத நோட்டீஸ் என்று இருக்கிறதோ அதைக் கண்டிப்பாகக் கொடுங்கள், முடிந்தால் கல்வியாண்டு முடியும்வரை வகுப்பெடுங்கள். தேர்வு நேரத்தில் கணக்கு டீச்சர் திடீரென்று நின்றால் உண்மையான இழப்பு என்று ஒன்றைக் காட்ட அவர்களுக்கு வழி கிடைத்துவிடும். ராஜினாமாவைக் கையில் கொடுத்து சீல் வாங்குங்கள், வாங்க மறுத்தால் மின்னஞ்சலிலும் ஸ்பீட் போஸ்டிலும் அனுப்புங்கள் (பழைய பதிவுத் தபால் 2025 செப்டம்பரிலிருந்து ஸ்பீட் போஸ்டோடு சேர்ந்துவிட்டது). உங்களை வலுக்கட்டாயமாக வேலையில் தொடர வைக்க எந்த நீதிமன்றத்தாலும் முடியாது.

செக் விஷயத்தில் அசட்டையாக இருக்காதீர்கள். பேங்கில் 'ஸ்டாப் பேமென்ட்' கொடுத்துவிட்டால் போதும் என்பது தவறு, அப்படித் திரும்பி வந்தாலும் மாற்றுமுறை ஆவணச் சட்டம் பிரிவு 138-ன் கீழ் செக் பவுன்ஸ் கிரிமினல் வழக்கு வரலாம். செக் எண்ணைக் குறிப்பிட்டு, இது சேரும்போது பாதுகாப்புக்காக வாங்கப்பட்டது, இதற்குக் கடன் எதுவும் இல்லை என்று, பள்ளிக்கு அனுப்பும் வக்கீல் நோட்டீஸில் இப்போதே பதிவு செய்யுங்கள். செக் திரும்பி அவர்களிடமிருந்து நோட்டீஸ் வந்தால் 15 நாளுக்குள் வக்கீல் மூலம் பதில் போயாக வேண்டும்.

சான்றிதழ், ரிலீவிங் ஆர்டர், அனுபவச் சான்று மூன்றையும் கேட்டு வக்கீல் நோட்டீஸ் அனுப்புங்கள். பல பள்ளிகள் அந்த இடத்திலேயே இறங்கி வந்துவிடும். வராவிட்டால் மாவட்டக் கல்வி அலுவலரிடமும் சிபிஎஸ்இ சென்னை மண்டல அலுவலகத்திலும் புகார் கொடுங்கள், கூடவே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்குப் போங்கள். பெண்களுக்கு வருமான வரம்பே இல்லாமல் இலவச வக்கீல் உண்டு, சட்டப் பணிகள் ஆணைக்குழுக்கள் சட்டம் 1987, பிரிவு 12 தருகிற உரிமை அது. 15100-க்குப் போன் செய்தாலும் வழி சொல்வார்கள். வழக்கு போடும் முன்பே இரு தரப்பையும் கூப்பிட்டுப் பேசுவார்கள், உங்கள் மாதிரி விஷயத்துக்கு அதுதான் நல்ல இடம். அதிலும் முடியாவிட்டால் சிவில் கோர்ட், குறித்தவகைத் தீர்வழிச் சட்டம் (Specific Relief Act) பிரிவு 7, 8-ன் கீழ் சான்றிதழ்களைத் திருப்பித் தரச் சொல்லி வழக்கு. ஹைகோர்ட்டில் ரிட் போடலாம் என்று யாராவது சொன்னால் அவசரப்படாதீர்கள், தனியார் பள்ளியின் வேலை ஒப்பந்தத் தகராறுக்கு ரிட் பொதுவாக நிற்காது என்று 2022-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

இன்னொன்று, சான்றிதழ் தொலைந்துவிட்டது என்று போலீஸில் எழுதிக் கொடுத்து டூப்ளிகேட் வாங்கும் யோசனையை யாராவது சொல்வார்கள், தயவுசெய்து செய்யாதீர்கள். எங்கே இருக்கிறது என்று தெரிந்தே பொய்ப் புகார் கொடுத்தால் நியாயம் உங்கள் பக்கம் இருந்தும் நீங்கள் குற்றவாளி ஆகிவிடுவீர்கள். கோவைப் பள்ளியிடம் நகல்களைக் காட்டி, நோட்டீஸின் ஒரு பிரதியையும் கொடுத்து அவகாசம் கேளுங்கள். நாளை அவர்களும் ஒரிஜினல் கேட்டால் அவர்கள் எதிரிலேயே சரிபார்க்கச் சொல்லிக் கையோடு வாங்கி வந்துவிடுங்கள், வைத்துக்கொண்டுதான் தீருவோம் என்றால் எந்தெந்தச் சான்றிதழ், எந்தத் தேதியில் வாங்கினோம் என்று லெட்டர்ஹெட்டில் ரசீது வாங்காமல் கொடுக்காதீர்கள்.